பட்டம் ஒன்று, படிப்பு பல: மதுரையில் உங்களுக்கென ஓர் இளங்கலைப் படிப்பை அமைத்துக்கொள்ள முழுமையான வழிகாட்டி

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மூன்றாம் நாள், காலை பதினோரு மணிக்கு ஓர் அப்பாவும் மகளும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் எடை போடுபவர். விடிவதற்கு முன்பே போனவர், வியாபாரம் முடிந்து நேராக வந்திருந்தார். சட்டையில் மல்லி வாசம் அப்படியே இருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் மூன்று கல்லூரிகளின் விண்ணப்பம். ஒன்றில் பி.எஸ்சி. வேதியியல், ஒன்றில் பி.காம்., இன்னொன்றில் பி.பி.ஏ. "எதைப் போடுறதுன்னு நீங்களே சொல்லுங்க டீச்சர்" என்றார். அந்தப் பெண் அதுவரை வாயே திறக்கவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "மேம், எனக்கு கெமிஸ்ட்ரியும் வேணும், வியாபாரக் கணக்கும் வேணும். ரெண்டையும் சேர்த்துப் படிக்கவே முடியாதா?"

முடியும். ஆனால் அந்தப் பெயரில் ஒரு பட்டம் இங்கே எந்தக் கவுன்ட்டரிலும் கிடைக்காது. அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகம் 1969-லேயே பாடத் தேர்வை மாணவர்கள் கையில் விட்டுவிட்டது. அங்கே ஒரு மாணவர், "என் மேஜர், அதாவது முதன்மைப் பாடம், இது, இதற்கு இந்தெந்தப் பாடங்கள், என்னை வழிநடத்தப்போகும் பேராசிரியர் இவர்" என்று எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்கலாம். நம் பல்கலைக்கழக அமைப்பில் மேஜரின் பெயரை மாணவர் வைக்க முடியாது. அதே சமயம், அந்த மாணவர் எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு துண்டும் நம் மூன்று வருடப் படிப்புக்குள் தனித்தனியாகக் கிடக்கிறது: மேஜர், அலைடு (மேஜருக்குத் துணையாகப் படிக்கும் பாடம்), என்.எம்.இ. (வேறு துறையிலிருந்து எடுக்கும் விருப்பப் பாடம்), இன்டர்ன்ஷிப், ப்ராஜெக்ட். யாரும் அவற்றைச் சேர்த்துப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். சேர்ப்பது எப்படி என்பதைத்தான் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து செய்தோம். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. பாடத்தை விடுங்கள், கேள்வியை எழுதுங்கள்

"உனக்கு எந்தப் பாடம் பிடிக்கும்?" என்று கேட்டால் பிள்ளைகள் மார்க் அதிகம் வாங்கிய பாடத்தைச் சொல்வார்கள். அதனால் நான் அப்படிக் கேட்பதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, ஒரு வாரம் தினமும் ராத்திரி இரண்டு வரி எழுதச் சொல்வேன். இன்று எதைப் பார்த்து "இது ஏன் இப்படி?" என்று தோன்றியது? எதைப் பற்றி யாரும் கேட்காமலேயே பேசினாய்?

அவள் நோட்டில் நான்காம் நாள் இருந்தது இது: "காலையில் ஒரு விலை. பத்து மணிக்குப் பாதி. பூ அதேதான். என்ன மாறிச்சு?" அதற்கு அடுத்த வரி: "மொட்டு விரிஞ்சா வாசம் கூடும், விலை குறையும்."

இதில் எத்தனை துறை இருக்கிறது என்று பாருங்கள். மல்லி மொட்டு சாயங்காலம்தான் விரியும். விரியும்போதுதான் லினலூல், பென்சைல் அசிட்டேட், இண்டோல் போன்ற மணப்பொருள்கள் காற்றில் கலக்கும். அது வேதியியல், தாவரவியல். பூவை மொட்டாகவே வாங்கிச் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புவது போக்குவரத்துச் சிக்கல். மார்கழிக் குளிரில் விளைச்சல் விழுந்து விலை ஆயிரங்களுக்குப் போவதும், முகூர்த்த நாளில் எகிறுவதும் பொருளாதாரம். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அது சட்டம். இவ்வளவையும் ஒரே கேள்விக்குள் அடக்கினோம்: "பறித்த மல்லியின் மணத்தை எப்படிக் காப்பது, அதை எப்படி விவசாயிக்கு வருமானமாக்குவது?"

உங்கள் கேள்விக்கு ஒரு சோதனை உண்டு. அதை ஒரே ஒரு துறை ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் முழுப் பதிலும் சொல்லிவிட்டால், உங்களுக்குப் பல துறைப் படிப்பு தேவையில்லை. அந்தத் துறையிலேயே சேர்ந்து நன்றாகப் படியுங்கள். "இதுவரைக்கும் எனக்குத் தெரியும், மிச்சத்தை அந்த டிபார்ட்மென்ட்டில் கேள்" என்று அவர் சொன்னால், கேள்வி சரியானது.

கேள்வி எங்கே கிடைக்கும் என்று தவிப்பவர்களுக்கு மதுரையே போதும். வீட்டில் உட்கார்ந்திருந்தால் வராத யோசனை கீழடி அகழாய்வு இடத்தில் வரும்: 2014-15-இல் தோண்டத் தொடங்கிய இடம், இப்போது பக்கத்திலேயே அருங்காட்சியகம். அங்கே தமிழி என்ற பழந்தமிழ் எழுத்து கீறிய பானை ஓடுகளைப் பார்த்துவிட்டு, "ஆயிரக்கணக்கான ஓடுகளைக் கணினியில் எப்படி வகைப்படுத்துவது?" என்று ஒருவர் கேட்டால், வரலாறும் கணினி அறிவியலும் சேர்ந்தாயிற்று. வைகைக் கரைக் கண்மாய்களைப் பார்த்தால் புவியியல், வரலாறு, ஊர் நிர்வாகம். அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள்: டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் பதினோரு படுக்கையோடு தொடங்கினார். அறுவை சிகிச்சையைத் தொழிற்சாலை ஒழுங்கோடு நடத்தியதும், பணம் கட்டுபவர்களின் வரவில் ஏழைகளுக்கு இலவசமாகப் பார்த்ததும், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைக் குறைந்த விலையில் தாங்களே தயாரிக்க 1992-இல் அரோலேப் தொடங்கியதும் மருத்துவம் மட்டும் படித்தால் வருகிற யோசனைகளா? கணக்கு, பொறியியல், மனிதர்களைப் பற்றிய அறிவு எல்லாம் ஒரே கூரைக்குள் வந்த இடம் அது.

2. வேலையிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

கேள்வி மட்டும் இருந்தால் சோறு போடுமா என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் ஊகத்தில் சொல்லாதீர்கள், விசாரித்துச் சொல்லுங்கள்.

உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் வேலை செய்யும் மூன்று பேரை நேரில் பாருங்கள். அவள் பார்த்தது ஒரு பூ ஏற்றுமதியாளர், நிலக்கோட்டைப் பக்கம் ஒரு மல்லி விவசாயி, வாசனைப் பொருள் நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கும் ஒருவர். மூவரிடமும் ஒரே கேள்விதான் கேட்கச் சொன்னேன்: "வேலையில் சேர்ந்தபோது உங்களுக்குத் தெரியாமல் எதில் கஷ்டப்பட்டீங்க?" தரக்கட்டுப்பாட்டுக்காரர், கருவியை இயக்கத் தெரிந்ததாகவும் அது தந்த எண்களை வைத்து அறிக்கை எழுதத் தெரியவில்லை என்றும் சொன்னார். ஏற்றுமதியாளர் காகித வேலை என்றார். இரண்டும் அவள் திட்டத்துக்குள் வந்தன.

அப்புறம் பத்து வேலை விளம்பரங்களைச் சேருங்கள். கல்வித்தகுதி என்ற வரியையும், திரும்பத் திரும்ப வரும் திறமைகளையும் அடிக்கோடிடுங்கள். பத்தில் ஆறில் எக்ஸெல் வந்தால், அது உங்கள் முதல் வருடத்துக்குள் வந்துவிட வேண்டும்.

3. மேஜர்: வெளியே கற்க முடியாததைக் கல்லூரியில் எடுங்கள்

இந்த ஒரு முடிவுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எனவே இதில் நிதானமாக இருங்கள்.

நான் பின்பற்றும் விதி எளியது. ஆய்வகம், கருவி, களப்பணி இல்லாமல் கற்க முடியாத துறை எதுவோ அதை மேஜராக வையுங்கள். நூலகத்திலும் இணையத்திலும் கற்கக்கூடியதைப் பக்கத்தில் வையுங்கள். வேதியியல் ஆய்வகத்தை வீட்டில் அமைக்க முடியாது. கணக்குப்பதிவியலைச் சாயங்கால வகுப்பில் கற்கலாம். வரலாற்றுப் புத்தகங்களுக்குப் புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2023 ஜூலையில் திறந்ததிலிருந்து போட்டித் தேர்வுப் பிள்ளைகளால் நிரம்பி வழிகிறது, கொஞ்சம் சீக்கிரம் போங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. ப்ளஸ் டூவில் அறிவியல் குரூப் எடுத்தவர் பின்னால் வணிகம், நிர்வாகம், சமூகப்பணி பக்கம் போகலாம், எம்.பி.ஏ.வுக்கும் எம்.எஸ்.டபிள்யூ.வுக்கும் பொதுவாக எந்தப் பட்டமும் போதும். ஆனால் பி.காம். முடித்தவர் பொதுவாக எம்.எஸ்சி. வேதியியலுக்குப் போக முடியாது. ஒருவழிப்பாதை எந்தப் பக்கம் என்று பார்த்து நுழையுங்கள். காமர்ஸ் குரூப் பிள்ளைகள் இதைப் படித்து மனம் தளர வேண்டாம்: பொருளாதாரம், புவியியல், உளவியல், காட்சித் தொடர்பியல் என்று களத்தில் இறங்கும் மேஜர்கள் அவர்களுக்கும் உண்டு. அந்தந்தக் கல்லூரியின் சேர்க்கை விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் ஓர் எச்சரிக்கை. புதுமையான பெயருள்ள பட்டங்களைப் பார்த்து மயங்குவதற்கு முன், அந்தப் பட்டம் எதற்கு இணையானது என்று தமிழக அரசின் அரசாணை இருக்கிறதா எனக் கேளுங்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும் என்றாலும், ஆசிரியர் வேலைக்கும், குறிப்பிட்ட துறைப் பட்டம் கேட்கும் பணிகளுக்கும் இணைத்தன்மை கேட்பார்கள். பாடம் அப்படியே இருந்து பெயர் மட்டும் வேறாக இருந்ததால் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும். பி.எட். படித்து ஆசிரியராகும் எண்ணம் துளி இருந்தாலும், பள்ளியில் கற்பிக்கும் பாடத்தின் பெயரிலேயே மேஜர் இருக்கட்டும். உங்கள் புதுமை பட்டத்தின் பெயரில் இருக்க வேண்டாம், உள்ளே இருக்கட்டும்.

4. சேர்வதற்கு முன் சிலபஸைப் படியுங்கள்

கட்டடத்தையும் பஸ் வசதியையும் பார்ப்பவர்கள் சிலபஸைப் பார்ப்பதில்லை. மதுரையில் இது பெரிய விஷயம். 1881-இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, 1948-இல் தொடங்கிய லேடி டோக் போன்றவை தன்னாட்சிக் கல்லூரிகள். தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்கின்றன. தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகின்றன. அதனால் ஒரே பி.எஸ்சி. வேதியியல் இரண்டு கல்லூரிகளில் இரண்டு விதமாக இருக்கும். இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் துறைக்குப் போய்க் கேளுங்கள், தருவார்கள்.

மூன்று வருடப் பட்டம் பெரும்பாலும் 140 கிரெடிட். பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ ஆங்கிலம், பார்ட் த்ரீயில் மேஜர், அலைடு, எலக்டிவ். பார்ட் ஃபோரில் என்.எம்.இ., திறன் வளர்ப்புப் பாடங்கள், சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி. 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டப் பாடங்களும் இப்போது கூட வருகின்றன. பார்ட் ஃபைவ் என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்றவை.

ஒரு ஃபுல்ஸ்கேப் தாளை எடுத்து ஆறு வரிசை போடுங்கள், ஆறு செமஸ்டருக்கு. நான்கு பத்திகள்: "கட்டாயம்", "நான் தேர்ந்தெடுப்பது", "வெளியே கற்பது", "கேள்விக்கு என்ன பயன்". சிலபஸைப் பார்த்து முதல் பத்தியை நிரப்புங்கள். இரண்டாம் பத்தியில் வரும் இடங்கள் குறைவாகத்தான் இருக்கும்: அலைடு, இரண்டு என்.எம்.இ., சில எலக்டிவ், இன்டர்ன்ஷிப், ப்ராஜெக்ட். அந்தச் சில இடங்களை வீணாக்காமல் இருப்பதுதான் நம் வேலை. நான்காம் பத்தியில் எழுத ஒன்றுமே வரவில்லை என்றால் அந்தத் தேர்வை மாற்றுங்கள்.

என் இளங்கலை நாட்களில் அலைடு எது என்பதை ரோல் நம்பர் வரிசைப்படி பிரித்தார்கள். எனக்கு வேண்டியது இன்னொரு பாதியில் போய்விட்டது. கேட்டிருந்தால் மாற்றியிருப்பார்களோ என்னவோ. கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியவில்லை. அந்த ஆதங்கம் இன்னும் இருக்கிறது. அதனால் சொல்கிறேன்: வேதியியலுக்கு அலைடாகக் கணிதமா தாவரவியலா என்ற தேர்வு இருந்தால், சேர்க்கை நாளன்றே துறைத் தலைவரிடம் கேளுங்கள். மல்லிப் பெண் தாவரவியலை எடுத்தாள். என்.எம்.இ. பதிவு பல கல்லூரிகளில் ஒரே நாளில், சில மணி நேரத்தில் நிரம்பிவிடும். தோழிகள் எல்லாரும் சேரும் பேப்பரில் சேர்ந்துவிடாதீர்கள். அவள் பொருளியல் துறை நடத்தியதை எடுத்தாள். அவள் வகுப்பிலிருந்து வேறு யாரும் இல்லை. முதல் வாரம் அழுதாள். அந்த வகுப்பில்தான் அவளுக்கு இரண்டாவது வழிகாட்டி கிடைத்தார்.

5. மிச்சத்தை வெளியிலிருந்து நிரப்புங்கள்

மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் இலவசமாகப் படித்து, கட்டணம் செலுத்தித் தேர்வு எழுதலாம். அதில் வரும், ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் நான்கு, எட்டு, பன்னிரண்டு வாரம் என்று இருக்கும். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கக் கல்லூரிகள் அனுமதிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் விதி கொண்டுவந்தது. அனுமதிக்கலாம் என்பதுதான் விதி. உங்கள் கல்லூரி எத்தனை கிரெடிட் ஏற்கிறது, எந்தப் பேப்பருக்குப் பதிலாக ஏற்கிறது என்பதைப் பதிவு செய்வதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள். முடித்த பிறகு சான்றிதழோடு போய்க் கேட்டால், "சந்தோஷம், ஃபைலில் வை" என்பார்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கவும் 2022 முதல் மானியக் குழு வழிகாட்டுதல் இருக்கிறது. நேரடிப் பட்டத்தோடு இன்னொன்றை இக்னோ போன்ற தொலைநிலை வழியில் சேர்க்கலாம். மதுரையிலேயே இக்னோவின் மண்டல மையம் உண்டு. கணினிப் பக்கம் ஆர்வமுள்ளவர்கள் 2020-இல் தொடங்கிய ஐ.ஐ.டி. மெட்ராஸின் இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டத்தைப் பார்க்கலாம். அதற்கு ஜே.இ.இ. தேவையில்லை, அவர்களே நடத்தும் தகுதிச் சுற்றைத் தாண்டினால் போதும்.

இதில் என் கருத்து கண்டிப்பானது: முதல் வருடத்தில் இரண்டாவது பட்டம் வேண்டாம். உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் தினமும் பஸ்ஸில் வரும் பிள்ளைக்கு ஒரு நாளில் மிஞ்சுவது இரண்டு மணி நேரம். ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு வெளிப்பாடம். மேஜரில் அரியர் விழுந்தால் அந்த ஒன்றையும் நிறுத்துங்கள்.

6. ஒரு பக்கம் எழுதி, இரண்டு ஆசிரியர்களைப் பிடியுங்கள்

மேஜர் துறையில் ஒருவர், மற்றத் துறையில் ஒருவர். "எனக்கு கைட் பண்ணுங்க சார்" என்று வெறுங்கையோடு நின்றால் அவருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. ஒரு பக்கம் எழுதிக் கொண்டு போங்கள். அவள் எழுதியதில் முக்கியமான பகுதி இது:

"பறித்த மல்லியின் மணத்தைக் காப்பதும் அதை விவசாயிக்கு வருமானமாக்குவதும் எப்படி என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். மேஜரில் கரிம வேதியியலும் பகுப்பாய்வு முறைகளும் வருகின்றன. அலைடில் தாவரவியல். விலை ஏற்ற இறக்கத்தைப் புரிந்துகொள்ள எனக்குப் புள்ளியியல் தெரியவில்லை. எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம் என்று சொல்ல முடியுமா மேம்? மாதம் ஒருமுறை பதினைந்து நிமிடம் வந்து பார்க்க அனுமதி வேண்டும்."

கேட்டது சிறிது, காலம் குறித்தது, தெரியாததை ஒத்துக்கொண்டது. பொருளியல் ஆசிரியர் மறுநாளே ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டார். மறுக்கிற ஆசிரியரும் இருப்பார், அடுத்தவரிடம் போங்கள்.

7. கோடை விடுமுறையும் ப்ராஜெக்ட்டும்

இதுவரை செய்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான் இருக்கும். அவை ஒட்டுகிற இடம் இரண்டு: இரண்டாம் வருடக் கோடையில் வரும் இன்டர்ன்ஷிப், கடைசி வருட ப்ராஜெக்ட். பலர் இன்டர்ன்ஷிப்புக்குத் தெரிந்தவர் கம்பெனியில் சான்றிதழ் மட்டும் வாங்கிவிடுகிறார்கள். தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒத்தக்கடையில் வேளாண் கல்லூரி இருக்கிறது, 1965-இலிருந்து. நீர்நிலை, கிராம நிர்வாகம் பக்கம் போகிறவர்களுக்குத் தானம் அறக்கட்டளை. வரலாறு, காப்பகப் பணிக்கு ராணி மங்கம்மாள் அரண்மனையில் இயங்கும் காந்தி அருங்காட்சியகம். ஜனவரியிலேயே கடிதம் எழுதுங்கள். ஏப்ரலில் எழுதினால் இடம் இருக்காது.

மல்லிப் பெண் கோடையில் அப்பாவோடு மார்க்கெட்டுக்கே போனாள். நாற்பது நாள், விடிகாலை நான்கு, ஆறு, எட்டு, பத்து மணி விலையை எழுதினாள். முதல் வாரம் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதி, இரண்டு நாள் கணக்கு துணி துவைக்கும்போது போனது. அப்புறம் அப்பா தன் கமிஷன் கடைச் சிட்டைக் கட்டையே கொடுத்தார். அதே நாட்களில் மொட்டை ஈரத்துணியிலும், ஐஸ் வைத்த தெர்மோகோல் பெட்டியிலும், வாழை நாரிலும் வைத்து எத்தனை மணிக்கு விரிகிறது என்று குறித்தாள். கல்லூரி திறந்ததும் அந்தத் தாள்களை இரண்டு வழிகாட்டிகள் முன்னாலும் பரப்பினாள். ப்ராஜெக்ட் தலைப்பை யாரும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ப்ராஜெக்ட் மேஜர் துறையில்தான் பதிவாகும் என்பதை மறக்காதீர்கள். வைவாவில் உட்காருபவர் வேதியியல்காரர். ஆய்வகப் பகுதி பலமாக இருக்கட்டும், விலைப் பகுதி ஓர் அத்தியாயமாக வரட்டும்.

8. ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும்

ஃபுல்ஸ்கேப் தாளை எடுத்து மறுபடி பாருங்கள். கேள்வி மாறியிருந்தால் மாற்றி எழுதுங்கள். இரண்டாம் வருடத்தில் கேள்வி மாறாத பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை. மேஜரை மாற்ற முடியாது, ஆனால் மிச்சமுள்ள என்.எம்.இ., எலக்டிவ், கோடை எல்லாவற்றையும் புதிய கேள்விக்குத் திருப்பலாம்.

நேர்முகத் தேர்வில் "கெமிஸ்ட்ரி படிச்சிட்டு ஏன் இங்க வந்தே?" என்று கட்டாயம் கேட்பார்கள். பதிலை மூன்று வாக்கியத்தில் சொல்லிப் பழகுங்கள்: கேள்வி என்ன, அதற்காக என்னென்ன படித்தேன், கையால் என்ன செய்தேன். மதிப்பெண் பட்டியல் இதைக் காட்டாது, நீங்கள்தான் காட்ட வேண்டும்.

கடைசியாக ஒரு காரியம். நீங்கள் படித்த ஒவ்வொரு பேப்பரின் சிலபஸையும் கல்லூரி முத்திரையோடு ஒரு பிரதி வாங்கி வையுங்கள், என்.எம்.இ. உட்பட. மேற்படிப்புக்கும், வெளிநாட்டு விண்ணப்பத்துக்கும், இணைத்தன்மைச் சான்றுக்கும் அது கேட்கப்படலாம். பாடத்திட்டம் மாறிவிட்டால் பழையதைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. அந்தப் பெண்ணுடையது, முதன்முதலில் மூன்று விண்ணப்பங்களைக் கொண்டுவந்த அதே பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது. ஐந்தாம் செமஸ்டர் வரைக்கும் சேர்ந்துவிட்டது. ஆறாவதை இந்த ஏப்ரலில் வாங்க வேண்டும்.